காட்டுக்கும் ஒரு மொய் மேசை

(ஆடி பிறப்பதற்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஏரி, கோயில்காடு பாதுகாப்புக் கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் அமர்ந்திருக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, அய்யனார் கோயில் பூசாரி ஐயா அவர்களே, வர்த்தகர் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த இடத்தில் ஊர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் தம்பிகளே, பந்தலில் இடம் இல்லாமல் வேப்பமரத்தடியில் நிற்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பேச்சைத் தொடங்குவதற்கு முன் இரண்டு பேருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியர் அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் கோயில்காட்டில் நாவல் கொட்டையும் உசிலை விதையும் பொறுக்க வைக்கிறார். பாடப் புத்தகத்தில் மதிப்பெண் இல்லாத வேலை அது. பூசாரி ஐயா, அடுப்பெரிக்கக்கூட அந்தக் காட்டிலிருந்து ஒரு காய்ந்த குச்சியை யாரையும் எடுக்க விட்டதில்லை. இந்த இரண்டு பேருக்கும் சால்வை போடுவதாக விழாக்குழுவினர் சொன்னார்கள். சால்வையைக் கடைசியில் போடாதீர்கள், இப்போதே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். போட்டுவிட்டார்கள். மகிழ்ச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, மொய் விருந்து. இரண்டு, கணக்கு. மூன்று, தைல மரம்.

நான் எந்த மேடைக்குப் போனாலும் ஒரு பழமொழி சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். "கேளாத கடனும் பாராத பயிரும் பாழ்." கடனைக் கேட்க வேண்டும், பயிரைப் போய்ப் பார்க்க வேண்டும். கேட்காமலும் பார்க்காமலும் விட்டால் இரண்டும் போய்விடும். இன்றைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மொய் விருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் ஆடியும் ஆவணியும் வந்தால் சாலையின் இருபுறமும் பிளெக்ஸ் பலகைதான். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. ஆனாலும் பந்தல் உண்டு, கறிச்சோறு உண்டு, ஊர்வாரியாகப் பெயர் எழுதிய மேசைகள் உண்டு, நோட்டோடு உட்கார்ந்து எழுதுவதற்கு ஆள் உண்டு. ஒரே பந்தலில் பல குடும்பங்கள் சேர்ந்து செலவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வட்டியில்லாமல் ஒரு குடும்பத்துக்கு மொத்தமாகப் பணம் சேருகிறது. அதில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் இந்தப் பந்தலுக்குள்ளேயே இருக்கிறீர்கள். வாங்கியவர் அடுத்தவர் விருந்தில் பழைய பாக்கியைத் திருப்பிச் செய்கிறார், மேலே கொஞ்சம் புதிதாகவும் போடுகிறார். அப்படித்தான் கணக்கு அறுந்துபோகாமல் ஓடுகிறது. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. நோட்டும் நாணயமும்தான்.

இதே பழக்கத்தை நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் பொதுக்காரியத்துக்கும் திருப்பியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் டீ மொய் விருந்து வைத்தார். டீயைக் குடித்துவிட்டு மொய் செய்யுங்கள், வருவது அத்தனையும் நிவாரணத்துக்கு என்றார். மக்கள் செய்தார்கள். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தபோது ஊர் ஊராக அரிசியும் காய்கறியும் வந்து இறங்கியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அங்கே பொங்கிய சோறும் ஒரு மொய்தான் என்பேன். மூன்று ஆண்டு கழித்து 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதில் நம் திருவரங்குளமும் கறம்பக்குடியும் அறந்தாங்கியும் இருக்கின்றன.

அப்புறம் கஜா புயல். 2018 நவம்பர் 16. அந்த விடியற்காலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம். தென்னையும் பலாவும் படுத்துக் கிடந்த தோப்புகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். மரம் போச்சு, தண்ணீராவது மிஞ்சட்டும் என்று இளைஞர்கள் ஏரிகளைத் தூர்வாரக் கிளம்பினார்கள். 2019இல் பேராவூரணி பெரியகுளம் ஏரியில் மக்கள் பணத்தில் மண்வெட்டி இயந்திரம் இறங்கியது. ஊருக்கு ஊர் அதே வேலை நடந்தது.

அப்படி ஒரு கடைத்தெருவில் நன்கொடை மேசை போட்டிருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறான். ஒரு பாட்டி வந்தார். கூன் விழுந்த உடம்பு, இடுப்பில் சுருக்குப் பை. மேசையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"என்னப்பா, மொய்யா எழுதுற?"

"ஆமா ஆத்தா."

"யாரு வீட்டு விசேசம்?"

"ஏரிக்கு ஆத்தா. தூர்வாரப் போறோம்."

"ஏரிக்கு மொய்யா!"

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வாயில் வெற்றிலை. பேசவில்லை. பையனுக்குச் சங்கடமாகிவிட்டது. "முடிஞ்சா செய்யுங்க ஆத்தா, இல்லாட்டி பரவாயில்ல" என்றான். அந்தப் பார்வையைப் பார்க்க வேண்டுமே! "இல்லாட்டியா? யாருக்கிட்டடா இல்லாட்டிங்கிற?" என்று கேட்டுவிட்டுச் சுருக்குப் பையைப் பிரித்தார். பாக்கு வந்தது, மாத்திரை அட்டை வந்தது, பேருந்துச் சீட்டு வந்தது. அதற்கெல்லாம் அடியில் நாலாக மடித்த ஒரு நூறு ரூபாய்த் தாள். அதோடு ஒரு ஒற்றை ரூபாய்க் காசு. இரண்டையும் மேசையில் வைத்தார்.

பையன் பெயர் கேட்டான், ஊர் கேட்டான். செத்துப்போன தன் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். நூற்றியொன்று என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான் பையன். பாட்டி நகரவில்லை.

"என்னன்னு எழுதின?"

"நூத்தியொண்ணு வரவு ஆத்தா."

"வரவுன்னு எழுதாத. பழைய பாக்கின்னு எழுது."

பையன் முழிக்கிறான். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் புரியவில்லை. பாட்டி சொல்கிறார்: "அந்த ஏரியிலதான் தாமரை எல பறிச்சு சந்தையில வித்தேன். மீன் பிடிச்சு மூணு புள்ளைய வளத்தேன். மூத்தவ கல்யாணத்துக்கு வந்த சனமெல்லாம் அந்தத் தண்ணியிலதான் குளிச்சுது. இதெல்லாம் ஏரி எனக்குச் செஞ்ச மொய்யி. ஒத்த ரூவா திருப்பிச் செஞ்சிருக்கேனா நான்? அதுவும் கேக்கல, நானும் குடுக்கல. இந்தா, நூறு பழைய பாக்கி. ஒத்த ரூவா புதுசு."

"புதுசு எதுக்கு ஆத்தா?"

"அது மறுபடி எனக்குச் செய்யணும்ல!"

சிரித்தோம். கைதட்டினோம். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பின்னால் நின்ற ஒருவர், ஐம்பது ரூபாய் போட வந்தவர், ஐந்நூறை எடுத்து வைத்து, "என் பாக்கியையும் எழுதுப்பா, வண்டல் அள்ளியிருக்கேன்" என்றார். இன்னொருவர், "எருமை குளிப்பாட்டியிருக்கேன்" என்றார். "நீச்சல் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார் ஒரு பேருந்து நடத்துநர். அன்று சாயங்காலம் அந்த நோட்டைப் பார்த்தால் நன்கொடை என்று ஒரு வரிகூட இல்லை. முழுவதும் பாக்கி.

படித்த எங்களுக்குத் தோன்றாத ஒன்றை அந்தப் பாட்டி சொல்லிவிட்டார். நிலத்துக்கு நாம் கொடுப்பது தர்மம் இல்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்கிறோம். மனிதன் கொடுத்த கடனென்றால் வாசலில் வந்து நின்று கேட்பான். ஏரி கேட்காது, காடு கேட்காது. கேளாத கடனும் பாராத பயிரும் பாழ்! நம் கோயில்காடு, கேளாத கடனாகவும் கிடக்கிறது, பாராத பயிராகவும் கிடக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய எண்ணம் என்று நினைக்க வேண்டாம். 1987இல் சுவீடன் நாட்டில் ஒரு சின்னக் கிராமப் பள்ளி. மழைக்காடுகள் அழிவதைப் பற்றி டீச்சர் பாடம் நடத்துகிறார். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அந்தக் காட்டை நாமே விலைக்கு வாங்கிவிட முடியாதா என்று கேட்டான். பிள்ளைகள் நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், கையால் செய்ததை விற்றார்கள். வந்த காசை மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்தச் செய்தி பரவி 44 நாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். இன்றைக்கு அது 22,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு. நம் கணக்கில் ஐம்பதாயிரம் ஏக்கருக்கும் மேல். பெயரே குழந்தைகளின் காடு. பள்ளிக்கூட விழாவில் கிளம்பிய காசு அது. தலைமையாசிரியர் அம்மா இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி நம் காட்டுக்கு வருகிறேன். அய்யனார் கோயில்காட்டில் என்ன இருக்கிறது? வீரமரம், காசாமரம், உலக்கைப்பாலை, காட்டுக் குருந்து, உசிலை. எந்த நர்சரியிலும் வரிசையாக வாங்க முடியாத மரங்கள். கோடையிலும் இலை கொட்டாமல் நிற்கும் இந்த வகைக் காடு ஒரு காலத்தில் நம் கடற்கரைச் சமவெளி முழுக்க இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில்களைச் சுற்றித்தான். சாமிக்குப் பயந்தவர்கள் காப்பாற்றிக் கொடுத்தது. குளமங்கலம் அய்யனாரின் பெரிய குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப்பூ மாலை குவிகிறதே, அந்தப் பக்தியில் கால்வாசி அய்யனார் குடியிருக்கும் காட்டுக்கும் போக வேண்டும் என்பது என் ஆசை.

அரசும் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. மதுரை அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் என்று பேச்சு வந்தபோது மக்கள் திரண்டு நின்றார்கள், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அதே ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காட்டுக்கும் அந்த அறிவிப்பு கிடைத்தது. அதன் பரப்பு எவ்வளவு தெரியுமா? ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. பன்னிரண்டு ஏக்கர் சொச்சம்! காடு சின்னது, நமக்கெல்லாம் யார் தருவார்கள் என்று இனி ஒருவரும் சொல்லக் கூடாது.

என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆடியில் மொய் விருந்து வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பந்தலில் ஒரு மேசையைக் கூடுதலாகப் போட வேண்டும். காட்டு மொய் மேசை. தனியாகக் கறி சமைக்க வேண்டாம், தனியாகப் பந்தல் வேண்டாம், தனிப் பத்திரிகை வேண்டாம். செலவே இல்லை. விருந்துக்காரர் மொய்யிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு வராது, அவர் கணக்கு அவருக்கு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறவர், காட்டு மேசையில் தன் பழைய பாக்கியைச் சொல்லி, முடிந்ததை எழுதிவிட்டுப் போகட்டும்.

கணக்கைப் பற்றி ஒரே வார்த்தை. கூட்டு வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் பெண். ஆகஸ்ட் 15 கிராம சபை ஆடிக் கடைசியில்தான் வருகிறது. அங்கே நோட்டை வரி விடாமல் வாசிக்க வேண்டும். கேள்வி கேட்கிறவரை உட்கார வைக்கக் கூடாது.

பணம் எதற்கு? முதலில் நில அளவை, எல்லைக் கல். அடுத்து கிளுவை வேலி, கம்பி வேலி வேண்டாம். உள்ளே நுழைந்துவிட்ட சீமைக் கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்கக் கூலி. ஒரு காவலருக்குச் சம்பளம். மிஞ்சினால், காட்டை ஒட்டி விற்பனைக்கு வரும் பட்டா நிலம். அது தைல மரம் போடுகிறவர் கைக்குப் போவதற்கு முன் ஊர் வாங்க வேண்டும்.

தைல மரம் என்றதும் சிலர் முகம் மாறுகிறது. மாறட்டும். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கியதில்லை. காகிதக் கூழுக்காக வளர்க்கும் மரம் அது. நம் மாவட்டத்துச் செம்மண் மேடுகளில் ஏக்கர் கணக்கில் நிற்கிறது. அதன் கீழே வேறு செடி சரியாக வளராது, பறவை அதிகம் கூடு கட்டாது. தோட்டத்துக்குள்ளேயே தண்ணீர் நிற்க வேண்டும் என்று வரப்பு போடுகிறார்கள். அந்த வரப்புதான் வரத்து வாரியை மறிக்கிறது. மேட்டில் பெய்த மழை வாரி வழியே வந்து ஏரியில் விழ வேண்டும். வாரியே செத்துக் கிடந்தால், மொய் போட்டுத் தூர்வாரிய ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அந்தப் பாட்டியின் ஒற்றை ரூபாயை ஏரி எப்படித் திருப்பிச் செய்யும்? தூர்வாரி, கரை கட்டி, பூசையும் போட்டுவிட்டு, வாரியைப் போய்ப் பார்க்காமல் விட்டோமே, அதுதான் பாராத பயிர். காட்டையும் வாரியையும் ஏரியையும் தனித்தனியாகப் பிரித்துக் காப்பாற்ற முடியாது. ஆகையால் காட்டு மொய் மேசையில் இன்னொரு தாளும் இருக்கும். புதிதாகத் தைல மரம் நட மாட்டோம், வெட்டிய இடத்தில் நாட்டு மரம் வைப்போம் என்று கையெழுத்துப் போடும் தாள். காசு கொடுக்க முடியாதவர்கள் அதில் கையெழுத்துப் போடுங்கள். அது நூற்றியொன்றைவிடப் பெரிய மொய்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். விருந்து வைக்கப் போகிறவர்கள் ஆடிப் பெருக்குக்குள் பூசாரி ஐயாவிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். மேசையும் நோட்டும் உங்கள் பந்தலுக்கு வந்துவிடும். எழுதுவதற்குப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்புவதாகத் தலைமையாசிரியர் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் நோட்டு இதோ இந்த மேடையிலேயே இருக்கிறது. நாவல் பழம் தின்ற பாக்கி என்று என் பெயரில் ஐயாயிரத்து ஒன்று எழுதியாயிற்று. இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. யார் வருகிறீர்கள்?