அறுபடாத கயிறு: பன்றி வைரஸின் ஒரு புரதம்

(நாமக்கல்லில் வெண்பன்றி வளர்ப்போரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம்ங்க. முட்டைக்குப் பேர்போன ஊரில் பன்றியைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருப்பது சந்தோஷம்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தால் கொட்டகையே காலி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020-இல் அசாம், அருணாசலம், 2022-இல் வயநாடு, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள். மேட்டுப்பாளையத்தில் நின்றால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்தான் முதுமலை. மனிதர்களுக்கு இந்த நோய் வராது. மனிதர்களுக்கு வந்த பன்றிக் காய்ச்சலான எச்1என்1 வேறு சமாசாரம்.

சரி, வைரஸ் உள்ளே போய் என்னதான் செய்கிறது? பன்றியின் ஜீன்களை அது திருத்துவதில்லை. எந்த ஜீன் எப்போது விழிக்க வேண்டும் என்பதில்தான் கை வைக்கிறது.

அது முக்கியமாகப் புகுவது மேக்ரோஃபேஜ் என்கிற செல்லில். கிருமியை விழுங்குவதும், மற்ற செல்களை உதவிக்குக் கூப்பிடுவதும் இந்தச் செல்லின் வேலை. கூப்பிட வேண்டுமானால் டிஎன்எஃப் மாதிரியான புரதங்களைச் சட்டென்று தயாரிக்க வேண்டும். அவற்றுக்கான ஜீன்களை எழுப்பிவிடுவது என்எஃப்-கப்பா-பி என்ற புரதம். சும்மா இருக்கும் நேரத்தில் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும், காங்கேயம் காளையைக் கட்டுத்தறியில் கட்டி வைத்த மாதிரி. தொற்று வந்த சேதி கிடைத்ததும் செல்லே கயிற்றை அறுத்துவிடும். காளை நேராக, ஜீன்கள் இருக்கும் நியூக்ளியசுக்குள் ஓடும், ஜீன்கள் விழிக்கும்.

வைரஸ் தானே ஒரு கயிறு திரிக்கிறது. அதன் பெயர் ஏ238எல். பார்க்க ஐ-கப்பா-பி போலவே இருக்கும், ஆனால் அறுப்பதற்கான இடம் மட்டும் அதில் கிடையாது. செல் எத்தனை முறை சேதி அனுப்பினாலும் காளை கட்டுத்தறியிலேயே நிற்கும்.

இதோடு விட்டதா என்றால், இல்லை. 1998-இல் வெளியான ஓர் ஆய்வுதான் என்னை அசர வைத்தது. இதே புரதம் கால்சினியூரின் என்ற நொதியையும் பிடித்துக்கொள்கிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் உங்கள் சொந்தத்திலும் இருப்பார்கள். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமலிருக்க அவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் மாத்திரை தடுப்பதும் இதே கால்சினியூரினைத்தான். மருந்துக் கம்பெனிகள் கண்டுபிடிக்கும் முன்பே ஒரு வைரஸ் இந்த வழியைப் பிடித்துவிட்டது! அப்புறம், ஜீன்களை வாசிக்க உதவும் பி300 என்ற புரதத்தின் வேலையையும் இது கெடுக்கிறது. டிஎன்எஃப், அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-2, நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி எல்லாவற்றின் உற்பத்தியும் குறைகிறது.

அப்படியானால் ஏ238எல்லைத் தயாரிக்கும் ஜீனை வைரஸிலிருந்து வெட்டிவிட்டால் தடுப்பூசி தயார் என்றுதானே தோன்றும்? செய்து பார்த்தார்கள். 1997-இலேயே மலாவி நாட்டு ரகத்தில் அதை நீக்கினார்கள். பன்றிகள் அப்போதும் செத்தன. நூற்றைம்பதுக்கும் மேல் ஜீன் வைத்திருக்கும் வைரஸ், ஒரே ஒரு ஜீனை மட்டும் நம்பி இருக்குமா? புரதத்தின் வேலையைச் செல்லில் பார்ப்பது ஒன்று, முழுப் பன்றியில் பார்ப்பது வேறு. ஆய்வகச் சேதியைப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலன் கிடைத்தது ஐ177எல் என்ற வேறொரு ஜீனை நீக்கியபோது. வியட்நாமில் அதை வைத்துத் தடுப்பூசி போடுகிறார்கள். அதன் பாதுகாப்பு பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

அதுவரை நம் கையில் இருப்பது தீவனம்தான். கோவை, திருப்பூர் ஓட்டல் மிச்சத்தைப் போடாமலிருப்பதே நல்லது. வைரஸ் உள்ள பன்றிக்கறித் துண்டு ஒன்று அதில் கிடந்தாலும் ஆபத்து. போட்டே ஆக வேண்டும் என்றால் 90 டிகிரியில், கிளறிக்கொண்டே, ஒரு மணி நேரம். ஒரு கொதி வந்ததும் இறக்கினால் போதாதுங்க.