கோதுமைக்குப் பிறகுதான் துடைப்பம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். யூதர்களின் வீட்டைப் பஸ்காவுக்கு ஆயத்தப்படுத்துவது துப்புரவா, ஈகையா என்பது தலைப்பு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகைதான் பஸ்கா. நான் ஈகையின் பக்கம் நிற்கிறேன்.

எதிரணித் தோழி துப்புரவை அழகாக விவரித்தார். பண்டிகைக்கு முந்தைய இரவில் மெழுகுவத்தியும் இறகும் மரக்கரண்டியுமாக மூலை முடுக்கெல்லாம் புளித்த மாவின் துணுக்கைத் தேடுகிறார்கள். கிடைத்ததை மறுநாள் காலையில் எரிக்கிறார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அவர் கதையை நடுவிலிருந்து தொடங்கிவிட்டார்.

யூதர்களின் சட்டத் தொகுப்பான 'சுல்ஹான் அரூக்'கைத் திறந்து பாருங்கள். புளிப்பைத் தேடும் விதி 431ஆம் பிரிவில் வருகிறது. பஸ்கா விதிகளோ 429இலேயே தொடங்கிவிடுகின்றன. அங்கே, 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த ரபி, அதாவது யூத மதகுரு, மோசே இசெர்லெஸ் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்: பஸ்காவுக்காகக் கோதுமை வாங்கி ஏழைகளுக்குப் பங்கிடுவது வழக்கம்; ஊரில் பன்னிரண்டு மாதம் குடியிருந்த எவரும் அதற்குக் கொடுத்தாக வேண்டும். இதற்கு 'மாவோத் ஹித்தீம்', கோதுமைக் காசு என்று பெயர். துடைப்பத்தை எடுப்பதற்கு முன்பே கோதுமை வந்துவிட்டது, நடுவர் அவர்களே!

ஏன் கோதுமை? இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பண்டிகை நாட்களில் புளித்த ரொட்டி வீட்டில் இருக்கவே கூடாது. வசதி உள்ளவர் பழையதை எரித்துவிட்டுப் புதிய மாவில் புளிப்பில்லா அப்பம் சுடுவார். ஏழை வீட்டில் துடைப்பம் எதைக் கூட்டித் தள்ளும்? அவனிடம் மிஞ்சியிருக்கும் அந்த ஒரே ரொட்டித் துண்டை! மாற்றுக்கு மாவு கொடுக்காமல் அதை எரிக்கச் சொன்னால், அவனுக்கு அது பண்டிகையா, பட்டினியா? அதனால்தான் இது இரக்கப்பட்டவர் போடும் பிச்சையாக இல்லை. ஊர் முழுவதும் சுமக்கும் கடமையாக இருக்கிறது.

புளித்த மாவு அகந்தையின் அடையாளம், அதைக் களைவதே உள்ளத்தின் விடுதலை என்று தோழி சொன்னார். நல்ல சிந்தனைதான். ஆனால் எகிப்தில் அடிமையாக இருந்தவனாலும் வீடு கூட்ட முடியும். எசமானின் வீட்டைத் தினமும் கூட்டியிருப்பான். 'என் வீட்டுக்கு வா, என்னோடு உண்' என்று அழைக்க மட்டும் அவனால் முடிந்திருக்காது. தனக்கென்று வாசல் உள்ளவன்தான் விருந்தாளியை அழைக்க முடியும். பஸ்காவின் முதல் இரவு விருந்தில் ஊரிலேயே மிக ஏழையானவனும் சுதந்திர மனிதனைப் போலச் சாய்ந்து அமர்ந்துதான் உண்ண வேண்டும், அறச்சாலை உணவில் வாழ்பவனுக்கும் நான்கு கிண்ணம் திராட்சை ரசத்துக்குக் குறையக் கூடாது என்று யூதர்களின் பழைய சட்ட நூலான மிஷ்னா விதித்ததும் இதனால்தான்.

19ஆம் நூற்றாண்டில், இன்று பெலாரஸ் நாட்டில் உள்ள பிரிஸ்க் நகரில் ரபியாக இருந்த யோசேப் தோவ் சொலவேய்ச்சிக்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருவர் அவரிடம் வந்து, "நான்கு கிண்ணத்துக்குத் திராட்சை ரசத்துக்குப் பதில் பால் குடிக்கலாமா?" என்று கேட்டார். ரபி கூடும், கூடாது என்று சொல்லவில்லை. ஒரு பெருந்தொகையை எடுத்துக் கொடுத்தார். ரசத்துக்கு ஏன் இவ்வளவு பணம் என்று மனைவி கேட்டார். யூதர்கள் இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணமாட்டார்கள் அல்லவா? "பால் குடிக்க நினைக்கிறார் என்றால், அவர் வீட்டில் இறைச்சியும் இல்லை என்றுதானே பொருள்?" என்றாராம் ரபி. சட்டம் கேட்ட குரலில் பசியைக் கேட்ட அந்தக் காதைத்தான் நான் பஸ்காவின் ஆயத்தம் என்கிறேன்.

செடர் எனப்படும் அந்த முதல் இரவு விருந்தின் தொடக்கத்தில் புளிப்பில்லா அப்பத்தை உயர்த்திக் காட்டி, "பசித்தவர் யாவரும் வந்து உண்ணட்டும்" என்று அரமேய மொழியில் சொல்கிறார்கள். அப்போது பொழுது சாய்ந்து, கதவு சாத்தி, குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும். அந்த நேரத்தில் தெருவில் யாருக்குக் கேட்கும்? பல நாட்களுக்கு முன்பே கோதுமையை அனுப்பியவர், பக்கத்து வீட்டு விதவையை முன்கூட்டியே அழைத்து அருகில் அமர்த்தியவர், அந்த வரியைத் தலை நிமிர்ந்து சொல்லலாம். வீட்டை மட்டும் பளபளக்க வைத்தவர் எந்த முகத்தோடு அதைச் சொல்வார், நடுவர் அவர்களே?