பழுப்பு நிறம், முள்ளு முள்ளா இலை: இது பவளமா, பாசியா?

அடுத்த சந்தேகம், ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம் ஊர்ல இருந்து ஒருத்தர் போட்டோவோட அனுப்பியிருக்காரு. "சார், கரை ஒதுங்கிக் கிடந்துச்சு. பழுப்பு நிறம், நல்ல விறைப்பு, ஓரமெல்லாம் முள்ளு. அடியில பவளத்துண்டு ஒட்டியிருக்கு. இது பவளமா, பாசியா? பாசின்னா கட்டக்கோரைதானே?"

பாசிதாங்க. ஆனா கட்டக்கோரை இல்ல, பக்கோடா பாசி. அறிவியல் பேரு டர்பினேரியா. இந்தப் பேரைப் போட்டு நெட்டுல தேடுனீங்கன்னா பவளப் படமும் வரும், குழம்பிடாதீங்க. அதே பேருல ஒரு பவள இனமும் இருக்கு. பாசிக்கும் அந்தப் பவளத்துக்கும் எந்த உறவும் கிடையாது.

அடியில இருக்கிற துண்டு செத்த பவளம். பாசிக்கு வேர் கிடையாதுங்க. அடியில கிளை கிளையா ஒரு பிடிப்பு இருக்கும், அது பாறையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். அதுல இருந்து சத்து எதையும் உறிஞ்சாது. அலை அடிச்சுப் பிடுங்கும்போது பாறையிலயும் ஒரு துண்டு சேர்ந்து வந்துடும்.

சரி, கட்டக்கோரை இல்லைன்னு எப்படிச் சொல்றேன்? இலையைப் பாருங்க. கட்டக்கோரை, அதாவது சர்காசம், அதுக்கு இலை தட்டையா, நடு நரம்போட இருக்கும். மிதக்கிறதுக்கான காத்துப்பை தனியா, குட்டிக் காம்புல, மிளகு அளவுல உருண்டையாத் தொங்கும். உங்க போட்டோவுல அப்படி உருண்டையே இல்ல. ஒவ்வொரு இலையும் காம்புல இருந்து புனல் மாதிரி விரிஞ்சு, மேல தட்டையா முடியுது. இதுல காத்துப்பை இலைக்குள்ளேயே இருக்கும். பிளேடால ஒரு இலையை நடுவுல வெட்டுங்க, உள்ள வெற்றிடம் தெரியும். ஒரு இலையை மட்டும் வெட்டிட்டு முடிவு பண்ணாதீங்க, நாலஞ்சு வெட்டுங்க. எல்லா இலையிலயும் பை இருக்காது. அலை பலமா அடிக்கிற இடத்துல வளர்ந்ததுல சுத்தமா இல்லாமலும் போகும்.

இந்த மிதவை சாதாரண விஷயம் இல்ல. பசிபிக் கடல்ல இருக்கிற பிரெஞ்சு பாலினேசியாவுல, டர்பினேரியா ஆர்னேட்டாங்கிற வகை 1980கள்ல இருந்து தீவு தீவாப் பரவுச்சு. பிடுங்கிக்கிட்டு வந்த செடி கூட்டமா மிதந்து போய் அடுத்த தீவுலயும் வித்துகளைப் பரப்பும். மீன் தின்னு குறைச்சிடுமான்னா, வளர்ந்த செடியை அதுங்க பெரும்பாலும் தொடாது. அவ்வளவு கெட்டி, முள்ளு வேற.

மன்னார் வளைகுடாவுல அந்த ஆர்னேட்டாவும் உண்டு, டர்பினேரியாவுலயே கோனாய்டஸ்ங்கிற இன்னொரு வகையும் உண்டு. பிரிச்சுச் சொல்ல இலையோட மேல்பக்கத்தைப் பார்க்கணும். ஓரத்துல மட்டும் ஒரு வரிசை பல்லு இருந்தா கோனாய்டஸ். அதுக்கு உள்பக்கமா கிரீடம் வச்ச மாதிரி இன்னொரு வரிசையும் இருந்தா ஆர்னேட்டா. நீங்க பக்கவாட்டுல எடுத்திருக்கீங்க, அது தெரியல. இலைக்கு நேர் மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்தப் பவளத்துண்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க, வனஉயிரினச் சட்டத்துல மாட்டிக்குவீங்க.