ஏரிக்கு மேலே ஒரு கண்

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஜமாபந்தி வேலைகளுக்கு நடுவிலும் முதல் ஆளாக வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, இன்றைய மதியச் சாப்பாட்டுக்கு அரிசி கொடுத்த ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, புவியியல் துறை மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மதகு அடைத்துக்கொண்டால் ஆள் தேடாமல் தானே தண்ணீரில் இறங்குகிறவர் அவர். அவர் இருக்கும் சபையில் ஏரியைப் பற்றிப் பேசுவது எனக்குப் பெருமை.

நிலம், நீர், கடல் மூன்றையும் செயற்கைக்கோள் எப்படிப் படிக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். 1972இல் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனது. 1988இல் நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோள் போனது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் படம் பதிவாகிக்கொண்டேதான் இருக்கிறது.

இப்படி மேலிருந்து படம் பிடித்துப் படிப்பதைத் தொலையுணர்வு என்பார்கள். இந்தியாவில் இந்தத் துறை எங்கே தொடங்கியது தெரியுமா? தென்னந்தோப்பில்! கேரளத்தில் தென்னைகளை வேர் வாடல் நோய் அரித்துக்கொண்டிருந்த காலம். 1970 வாக்கில் பிஷரோட்டி என்ற அறிஞர், சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி பழகியவர், ஹெலிகாப்டரில் அகச்சிவப்புப் படச்சுருளை ஏற்றிக்கொண்டு தோப்புகளுக்கு மேலே பறக்க ஏற்பாடு செய்தார். எண்ணிப் பாருங்கள். மரமேறிக்குத் தெரியாததா, மண்ணில் நிற்கிற விவசாயிக்குத் தெரியாததா, மேலே பறக்கிறவருக்குத் தெரிந்துவிடப் போகிறது? கீழே நின்று பார்த்தால் எல்லா மரமும் பச்சைதானே! ஆனால் படச்சுருளைக் கழுவியதும் நல்ல மரம் செக்கச்செவேல் என்று நின்றது; நோயுற்ற மரம் மங்கிக் கிடந்தது. ஆரோக்கியமான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வாரித் திருப்பி அனுப்பும்; படத்தில் அது சிவப்பாகப் பதியும். நலிந்த இலையால் அது முடியாது. நம் நாட்டுத் தொலையுணர்வுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அதே ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் படத்தில் ஏரி கறுப்பாகத் தெரியும். கறுப்புக்கு நடுவே சிவப்புத் திட்டு இருந்தால் அது ஆகாயத்தாமரை. கோடையில் சுற்றுப்புறமெல்லாம் காய்ந்திருக்க, ஏரிக்குள் மட்டும் சிவப்பு அடர்ந்திருந்தால் பெரும்பாலும் சீமைக்கருவேலம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்குமே என்பீர்கள். அதற்கு ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அவை மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். கடலில் மீன் கூடும் இடங்களை ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு கணித்து மீனவர்களுக்குச் சொல்லி வருகிறது.

நான் ஏரிக்கே வருகிறேன். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அதன் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வயிறு எரியும். ஊர் விரிய விரியச் சதுப்பு சுருங்கிய கதை முழுவதும் அதில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தது யார்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். இஸ்ரோவின் புவன் என்ற வரைபட இணையதளம் 2009 முதல் இருக்கிறது. இத்தனை இருந்தும் ஊர்க்காரருக்குத் தன் ஏரியின் படம் கைக்கு வரவில்லையே! ஆகவே நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு கிராமசபையிலும் அந்த ஊர் ஏரியின் தை மாதப் படமும் வைகாசிப் படமும் வருவாய்த் துறை வரைபடத்துக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர் அகலம்; கரையோரத்து இரண்டடி ஆக்கிரமிப்பு அதில் தெரியாது. அதை நில அளவையர் சங்கிலி பிடித்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் எந்த ஏரிக்கு முதலில் போக வேண்டும் என்பதைப் படம் சொல்லிவிடும். வட்டாட்சியர் அம்மா இந்த வட்டத்தில் இதைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

அக்டோபர் 2 கிராமசபைக்கான தீர்மான வாசகம் வாசல் மேசையில் இருக்கிறது. ஊருக்கு ஒருவர் நகல் வாங்கிக்கொண்டு சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.