மாமியாரும் உட்கார்ந்திருக்கிற பேச்சலரெட் பார்ட்டிக்கு என்ன விளையாட்டு?

வணக்கம் மக்களே. முதலில் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் தோழியின் பேச்சலரெட் பார்ட்டிக்கு, அதாவது கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணுக்காகப் பெண்கள் கூடிக் கொண்டாடுகிற பார்ட்டிக்கு, விளையாட்டுகள் என் பொறுப்பு. சீட்டு எடுத்துக் கேள்விக்குப் பதில் சொல்கிற விளையாட்டு ஒன்று வைத்தேன். இணையத்தில் கிடைத்த கேள்விகளை ஒருமுறை படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே பிரிண்ட் எடுத்துவிட்டேன். மூன்றாவது சீட்டிலேயே "உன் முதல் காதலன் யார்?" என்று வந்து நின்றது. எதிரே அவளுடைய வருங்கால மாமியார்! தோழி சிரித்துத்தான் சமாளித்தாள். அவள் நிஜமாகச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது இல்லை இது.

அதனால் இப்போதெல்லாம் விளையாட்டைத் தேடுவதற்கு முன்னால் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதில் மூன்று பேரை முதலில் பார்ப்பேன். ரொம்பக் கூச்சப்படுகிறவர், முழங்கால் வலிக்காரர், அங்கே மணப்பெண்ணைத் தவிர யாரையுமே தெரியாதவர். இவர்களுக்கு ஒத்துவருகிற விளையாட்டு மற்றவர்களுக்குத் தானாக ஒத்துவரும்.

யாரையும் தெரியாதவருக்காகத்தான் தொடக்கத்திலேயே சிறுவயதுப் படங்களை வைக்கிறேன். ஆளுக்கு ஒரு படம் முன்கூட்டியே வாங்கி, எண் போட்டு ஒட்டிவிட வேண்டும். எது யார் என்று கண்டுபிடிக்க ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்தே ஆகவேண்டும் இல்லையா, பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்தது மாப்பிள்ளை வீடியோ. அவரிடம் 10, 12 கேள்விகள் கேட்டு முன்னாலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். பார்ட்டியில் கேள்வியைப் படித்ததும் பெண் தன் பதிலைச் சொல்ல வேண்டும், பிறகு வீடியோவை ஓட்ட வேண்டும். பதில் ஒத்துப்போனால் கைதட்டல், ஒத்துப்போகாவிட்டால் அதைவிடப் பெரிய கைதட்டல். இங்கே எல்லாமே கேள்வியில்தான் இருக்கிறது. "அவளிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்டால் வீட்டுக்குப் போய்ச் சண்டை. அதையே "அவள் தினமும் தொலைத்துவிட்டுத் தேடுகிற பொருள் எது?" என்று கேட்டுப் பாருங்கள். அவளுடைய அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்.

டாய்லெட் பேப்பரில் கல்யாண உடை செய்கிற விளையாட்டு பார்த்திருப்பீர்கள். 3, 4 பேர் ஓர் அணி, அணிக்கு 2 ரோல், நேரம் 10 நிமிடம். மெல்லிய பேப்பர் சுற்றும்போதே கிழிந்துவிடும், கொஞ்சம் தடிமனானதாக வாங்குங்கள். உடையை மாட்டிக்கொண்டு நிற்கிற ஆள் தானாக முன்வந்தவராக இருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்தான் நடுவர். நாற்காலியை விட்டு எழாமலே எல்லோரையும் மிரட்டலாம். நான் பார்த்தவரை இந்தப் பதவியை வேண்டாம் என்று சொன்ன பெரியவர் யாரும் இல்லை!

பரிசுப் பொட்டலம் பிரிக்கிற நேரத்துக்குப் பிங்கோ. 5க்கு 5 கட்டம், நடுக்கட்டம் இலவசம், மீதி 24 கட்டத்திலும் என்னென்ன பரிசு வரும் என்று ஊகித்து எழுதிக்கொள்வது. பரிசு வர வர அந்தக் கட்டத்தை அடித்துக்கொண்டே போய், முதலில் ஒரு வரிசையை முடிப்பவர் "பிங்கோ" என்று கத்த வேண்டும். அட்டையை முன்னாலேயே அச்சிட்டுக் கொடுப்பதாக இருந்தால் அட்டைக்கு அட்டை வரிசையை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் "பிங்கோ" என்று கத்தும். அதுவும் எனக்கு நடந்திருக்கிறது.

கேட்டதற்கு உண்மையைச் சொல், இல்லாவிட்டால் சொன்னதைச் செய் என்கிற ட்ரூத் ஆர் டேர் மட்டும் நான் வைப்பதில்லை. ட்ரூத் என்று வந்தால் அதே முதல் காதலன் கதைதான். டேர் என்று வந்தால் பக்கத்து மேசையில் சிவனே என்று சாப்பிடுகிற யாரோ ஒருவரைப் போய்த் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கும்.

அந்தத் தோழியின் தங்கைக்கு இப்போது கல்யாணம். திரும்பவும் விளையாட்டுப் பொறுப்பு எனக்குத்தான், நம்ப முடிகிறதா? ஒரே நிபந்தனை, கேள்விகள் முதலில் அவள் கைக்குப் போக வேண்டும். எதை அடித்தாலும் ஏன் என்று நான் கேட்கக்கூடாது. நேற்று 14 கேள்விகள் அனுப்பினேன், 5 அடிபட்டுத் திரும்பி வந்திருக்கின்றன. அதில் ஒன்று, நான் எழுதும்போதே விழுந்து விழுந்து சிரித்த கேள்வி. சரி, அது போகட்டும். இப்போது மாப்பிள்ளையைப் பதிவு செய்யக் கிளம்புகிறேன், அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.