நீரில்லா ஆற்றிலிருந்து யுரேனஸ் வரை
(வேலூர்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடை அணிவித்துச் சிறப்பித்த வணிகப் பெருமக்களே, பாலாற்றுக்காக என்னோடு மனுவும் கையுமாக அலையும் உழவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்’ என்று நம் ஊரைச் சொல்வார்கள். புவி அறிவியலிலும் கோள் அறிவியலிலும் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் எது? யார் சேரலாம், எதை ஆராயலாம் என்ற இரண்டையும் பேச வந்திருக்கிறேன்.

நிலவியலோ இயற்பியலோ முதுநிலை படித்தவர்கள் சேரலாம். ஆய்வுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டல, பெருங்கடல், கோள் அறிவியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. அதில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வானால் உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 2023 முதல் நடைமுறை இது. ‘ஆராய்ச்சி சோறு போடுமா?’ என்று கேட்கும் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை ஆராயலாம் என்பதற்கு முன் காவலூர் வானாய்வகத்தைச் சொல்லியாக வேண்டும். 1977 மார்ச் 10 இரவு. ஜவ்வாது மலைக் காவலூர் அன்று நம் வட ஆர்க்காடு மாவட்டம். யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்குகிறது. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருக்கிறார்கள். கோள் இன்னும் அதைத் தொடவில்லை. ஒளி திடீரென்று மங்குகிறது! சில நொடிகளில் மீண்டும் எழுகிறது! அங்கிருந்த வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் புதிய துணைக்கோள் என்று கருதி ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கர்களுக்குக் கோளின் இருபுறமும் பல மங்கல்கள் தெரிந்தன. அவை யுரேனஸின் வளையங்கள்! நம் மலையில் பதிவானதும் அந்த வளையங்களில் ஒன்றின் நிழல்தான். கை தட்டுங்கள், அவர்களுக்காக.

அவ்வளவு தொலைவில் ஒளி குறைந்ததைப் பதிவு செய்த மண்ணில், காலடியில் நீர் குறைந்ததற்கு ஆய்வேடுகள் குவிய வேண்டாமா? பாலாறு தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் மணல்தான் நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி. மணலை அள்ள அள்ளக் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்குகிறது. ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவு நிலத்தடியில் எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் பரவுகிறது? ஆய்வுத் தலைப்பு தேடும் பிள்ளைகளே, இதை எடுங்கள்!

சாமியில்லாக் கோயில் என்றார்களே, 1981இல் நம் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேசுவரர் திரும்பிவிட்டார். நீரில்லா ஆறு மட்டும் ஏன் அப்படியே கிடக்க வேண்டும்? பாலாற்றில் மணல் அள்ளுவதை முற்றிலும் நிறுத்தக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. முதல்வர் அவர்களும் மாமன்ற உறுப்பினர் அவர்களும் முதல் கையெழுத்துகளைப் போடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.