குகையில் ஒயின் ஆலை, பள்ளத்தாக்கின் முடிவில் மடாலயம்: ஆர்மீனியாவில் ஒரு சுற்று

வணக்கம் மக்களே! மைக்கில் காற்று அடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிகிறதே, அது மேகம் இல்லை. அராரத் மலை. உயரம் 5,137 மீட்டர். ஆர்மீனியாவின் அரசு முத்திரையில் இந்த மலைதான், பிராந்தி பாட்டிலிலும் இந்த மலைதான். ஆனால் மலை நிற்பது துருக்கியில். நடுவில் அராக்ஸ் ஆறு ஓடுகிறது, எல்லை 1993-லிருந்து மூடிக் கிடக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நான் நிற்கிற இடம் கோர் விராப் மடாலயம். தலைநகர் யெரெவானிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கிரிகோர் என்ற கிறிஸ்தவரை மூன்றாம் திர்தாத் மன்னன் இங்கே ஒரு பாதாளக் குழியில் போட்டு வைத்தான், பதின்மூன்று ஆண்டு கழித்து வெளியே எடுத்தான், தன் நோயைத் தீர்த்தவர் அவர்தான் என்று அவரிடமே ஞானஸ்நானம் வாங்கினான் என்பது இவர்கள் மரபு. ஆர்மீனியா கிறிஸ்தவ நாடானதாக அந்த மரபு சொல்லும் ஆண்டு 301. உலகத்திலேயே முதலில் நாங்கள்தான் என்று இங்கே சின்னப் பையன்கூடச் சொல்வான். குழிக்குள் இறங்கலாம். ஆறு மீட்டர் போல ஆழம், செங்குத்தான இரும்பு ஏணி. தோளில் பை இருந்தால் மேலேயே வைத்துவிடுங்கள், பையோடு நுழைய முடியாது. உள்ளே காற்றே இல்லை, நான் சீக்கிரமே ஏறி வந்துவிட்டேன்.

கேமராவைக் கீழே திருப்புகிறேன். மடாலயத்தைச் சுற்றிப் பச்சையாக இருப்பதெல்லாம் திராட்சைத் தோட்டம். வெள்ளம் வடிந்து பேழை அராரத் மலைகளில் தங்கிய பிறகு நோவா திராட்சைத் தோட்டம் போட்டார், அந்த ரசத்தைக் குடித்துப் போதையில் கிடந்தார் என்று ஆதியாகமத்தில் வருகிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது புராணம் இல்லை, பக்கத்து வீட்டுச் செய்தி.

இங்கே டூர் பேக்கேஜ் விற்பவர்கள் மடாலயத்துக்கு ஒரு நாள், ஒயினுக்கு ஒரு நாள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த நாட்டில் சிலுவையும் திராட்சையும் ஒரே நிலத்தில் வளர்ந்தவை. அதைப் பார்க்கத்தான் இப்போது வயோத்ஸ் ஜோர் மாநிலத்துக்குப் போகிறோம். (இந்த வீடியோ முழுக்க ஒயின் வரும். மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று கீழே எழுத்து ஓடுவதாக நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, வந்துவிட்டோம். இது அரெனி கிராமத்துக்குப் பக்கம். நோரவாங்க் பள்ளத்தாக்கின் வாசலிலேயே, ரோட்டிலிருந்து படியேறினால் இந்தக் குகை. ஆய்வாளர்கள் வைத்த பெயர் அரெனி-1. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நுழைந்ததும் குளுகுளு என்று இருக்கிறது. மேலே கீச்கீச் என்று கேட்கிறதே, வௌவால்கள்.

2007-இல் இங்கே அகழாய்வு தொடங்கினார்கள். அதோ, தரையில் ஆழமில்லாத ஒரு களிமண் தொட்டி தெரிகிறதா? சுமார் ஒரு மீட்டர் அகலம். அதில் திராட்சையைக் கொட்டிக் காலால் மிதித்திருக்கிறார்கள். தொட்டியின் தரை ஒரு பக்கம் சரிவாக இருக்கிறது, கவனியுங்கள். சாறு அந்தச் சரிவில் வழிந்து, பக்கத்தில் புதைத்திருக்கிற ஜாடிக்குள் இறங்கும். ஜாடியின் ஆழம் 60 சென்டிமீட்டர், ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். சுற்றிலும் திராட்சை விதைகள், பிழிந்த சக்கை, காய்ந்த கொடி எல்லாம் கிடைத்தன. பானை ஓடுகளைச் சோதித்ததில் மால்விடின் என்ற நிறமி அகப்பட்டது. கருந்திராட்சைக்குச் சிவப்பைக் கொடுப்பது அதுதான். இதன் காலம் கி.மு. 4100 வாக்கில். 2011-இல் ஆய்வு முடிவு வெளியானபோது, இதுவரை கிடைத்ததில் உலகின் மிகப் பழைய ஒயின் ஆலை என்று அறிவித்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஜார்ஜியாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒயினின் மிகப் பழைய தடயம் இங்கே இல்லை. அது ஜார்ஜியாவில், கி.மு. 6000 அளவிலான பானைகளில் கிடைத்து 2017-இல் வெளியானது. அரெனியின் பெருமை வேறு: மிதிக்கும் தொட்டி, சாறு இறங்கும் ஜாடி, சேமிக்கும் பானை என்று முழு ஏற்பாடும் ஒரே இடத்தில் கிடைத்தது இங்கேதான்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் காலக்கணக்கு இல்லை. இந்தத் தொட்டியைச் சுற்றி இருப்பவை கல்லறைகள். இளவயதினரின் மண்டையோடுகளைப் பானைகளில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். ஒன்றில் மூளைத் திசுகூட மிஞ்சியிருந்ததாம். அதனால் இங்கே பிழிந்த ஒயின் அன்றாடம் குடிக்க இல்லை, இறந்தவர்களுக்கான சடங்குக்குத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் ஒயின் சாமி காரியத்தில் சேர்ந்துவிட்டது என்று இதை வைத்து நான் புரிந்துகொள்கிறேன்.

2008-இல் இதே குகையில் ஒரு தோல் செருப்பும் கிடைத்தது. செருப்பு என்பதைவிட ஷூ என்றே சொல்லலாம். ஒரே மாட்டுத்தோலில் வெட்டி, முன்னும் பின்னும் தோல் கயிறு கோத்தது. உள்ளே புல் அடைத்து வைத்திருந்தார்கள். 5,500 ஆண்டு ஆகிறது. மேலே ஆட்டுப் புழுக்கை மெத்தையாக மூடியதால் மக்காமல் தப்பியது. இங்கே தேடாதீர்கள், அது யெரெவான் குடியரசுச் சதுக்கத்தில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம், குகையை விட்டு வெளியே வந்தால் ரோட்டோரம் வரிசையாகக் கடைகள். கோகோ கோலா பாட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, ஏதோ கூல்டிரிங்க்ஸ் கடை என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் வீட்டு ஒயின். இந்த ரோடு நேராக ஈரானுக்குப் போகிறது, அங்கே மது கூடாது. லாரி ஓட்டுநர்கள் கோலா மாதிரி எடுத்துப் போகத்தான் இந்த ஏற்பாடு என்பது இங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை. கடைக்கார அம்மா எனக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் மாதுளை ஒயினும் ஊற்றிக் கொடுத்தார். சர்பத் மாதிரித் தித்திக்கிறது. எனக்குச் சரிப்படவில்லை, அவரிடம் சொல்லவில்லை.

இப்போது பள்ளத்தாக்குக்குள் போகிறோம். சுமார் எட்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை, நடுவில் ரோடும் ஓடையும் மட்டும்தான். முடிவில் ஒரு திட்டில் உட்கார்ந்திருக்கிறது நோரவாங்க் மடாலயம். பாறையும் கோயிலும் ஒரே நிறக்குடும்பம் என்பதால் தூரத்தில் பிரித்தே பார்க்க முடியாது. சாயங்கால வெயிலுக்கு வாருங்கள், நடுப்பகலில் படம் எடுத்தால் எல்லாம் வெளிறிப்போகும்.

பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியை ஆண்ட ஓர்பெலியான் பிரபுக்களின் கல்லறைக் கோயில் இது. முன்னால் நிற்பது புர்தெலாஷென். 1339-இல் கட்டி முடிந்தது. வேலை மோமிக்குடையது. மோமிக் சிற்பி, கட்டடக் கலைஞர், ஏடுகளில் சித்திரமும் தீட்டியவர். கீழ்த்தளம் கல்லறை, மேல்தளம் கோயில். மேலே போக இந்தப் படிகள்தான். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஒற்றைக் கற்கள், ஒரு பாதம் வைக்கிற அகலம், கைப்பிடி கிடையாது. ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கைகளால் படியைப் பிடித்தபடி இறங்குங்கள். இதோ, ஒரு தாத்தா பேண்ட் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு இறங்குகிறார்! அதைப் பார்த்து நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

அந்தப் பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னலுக்கு மேலே பாருங்கள். தாடி, பாதாம் பருப்பு போன்ற பெரிய கண்கள். அது பிதாவாகிய கடவுளின் உருவம். ஆர்மீனியச் சிற்பத்தில் பிதாவைச் செதுக்குவது மிக அபூர்வம்.

சுவரில் வரிவரியாக இருக்கிற எழுத்துகள் வெறும் அலங்காரம் இல்லை. இந்த நாட்டு மடாலயச் சுவர்களில் இன்னார் இந்தக் கிராமத்தைக் கொடுத்தார், இந்தத் திராட்சைத் தோட்டத்தைக் கொடுத்தார், பதிலுக்கு ஆண்டில் இத்தனை நாள் அவர் பெயரில் திருப்பலி நடக்க வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். திருப்பலிக்கு ஒயின் வேண்டும். மற்ற பழைய திருச்சபைகள் ஒயினில் சிறிது தண்ணீர் கலப்பார்கள், ஆர்மீனியத் திருச்சபை கலக்காது. ஆகஸ்ட் நடுவில் மாதா திருநாளன்று கோயிலில் திராட்சையை மந்திரித்துக் கொடுப்பார்கள், பக்தியுள்ளவர்கள் அதுவரை புதுத் திராட்சையை வாயில் வைக்க மாட்டார்கள். மடாலயம் வேறு, ஒயின் வேறு என்று எந்த இடத்தில் கோடு போடுவீர்கள்?

ஆனால் இங்கே வாங்குகிற பாட்டில்களில், கடைகளில், எல்லாம் ஆறாயிரம் ஆண்டு அறுபடாத மரபு என்று பேசுவார்கள். அதை நான் நம்பவில்லை. பல முறை அறுந்திருக்கிறது. 1604-இல் பாரசீகத்தின் ஷா அப்பாஸ், ஒட்டோமான் படைக்கு எதுவும் மிஞ்சக் கூடாது என்று அராக்ஸ் கரை ஊர்களை எரித்து, மக்களைக் கூட்டம் கூட்டமாக ஈரானுக்கு ஓட்டிப்போனான். ஜுல்பா நகரத்து வணிகர்களை இஸ்பகானில் குடியேற்றினான். தோட்டம் யாருக்காகக் காய்க்கும்?

அந்த வணிகர்களின் வழிவந்தவர்கள்தான் சென்னைக்கு வந்தார்கள். பரங்கிமலை உச்சிக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானது யெரெவானில் இல்லை, சென்னையில். நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியார். அவர் கல்லறை பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் உள்ள ஆர்மீனியக் கோயிலில் இருக்கிறது. நோரவாங்கில் நான் பார்க்கிற இதே எழுத்துகளை அந்தக் கோயில் தரைக் கல்லறைகளில் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம்.

அடுத்த அறுப்பு சோவியத் காலம். நீ பிராந்தி செய், ஜார்ஜியா ஒயின் செய்யட்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். 1887-இலேயே யெரெவானில் பிராந்தித் தொழில் தொடங்கியிருந்ததால் அது நன்றாகவே ஓடியது, ஒயின் தேய்ந்தது. 1985-இல் கோர்பச்சேவின் மதுவிலக்குப் பிரசாரம் வந்து மிச்சத்தையும் பதம் பார்த்தது.

இதில் அதிகம் அடிபட்டது கராஸ். நம் தாழி மாதிரி ஆள் உயரப் பானை, உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்து அதற்குள் ஒயினை நொதிக்க விடுவார்கள். யெரெவானில் கார்மிர் புளூர் என்ற மேட்டில் கிறிஸ்துவுக்கு முன் இங்கே ஆண்ட உரார்த்து அரசின் கிடங்குகளைத் தோண்டியபோது சுமார் நானூறு பானைகள் வந்தன. எவ்வளவு கொள்ளும் என்று பானையிலேயே குறித்து வைத்திருந்தார்கள். அத்தனை பெரிய மரபில், இப்போது இந்த அளவில் பானை வனையத் தெரிந்தவர்கள் அருகிப்போனார்கள். ஜோரிக் கரிபியான் என்பவர் இத்தாலியிலிருந்து வந்து பக்கத்து ரிந்த் கிராமத்தில் தோட்டம் போட்டபோது, வீடு வீடாகப் போய்ப் பழைய கராஸ்களை வாங்க வேண்டியிருந்தது. 2010 அறுவடையில் வந்த அவருடைய முதல் ஒயின் வெளிநாடுகளில் பேசப்பட்டது. பிறகு மற்றவர்களும் துணிந்து இறங்கினார்கள். ஆக நாம் பார்க்கிற இந்த ‘பழைய’ ஒயின் உலகம் உண்மையில் ரொம்பச் சின்ன வயது. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை, விட்டதைத் தேடி எடுத்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

விடாமல் பிழைத்தது கொடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது, அங்கே இன்றும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். இந்த மலைப்பக்கம் அந்தப் பூச்சி வரவில்லை. அரெனி திராட்சை கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே சொந்த வேரில் நிற்கிறது. இதோ, கையில் இருப்பது கராஸில் வைத்த அரெனி. நிறம் மெல்லிசு, புளிப்பு தூக்கல், செர்ரி வாசனை. மாதுளையைவிட ஆயிரம் மடங்கு தேவலை.

வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அரெனியில் அக்டோபர் தொடக்கத்தில் ஒயின் திருவிழா நடக்கும், 2009-லிருந்து. கூட்டம் பிடிக்காதவர்கள் அதற்கு முந்தைய வாரம் வாருங்கள், அறுவடையும் பார்க்கலாம். ஊருக்கு மேலே 1321-இல் மோமிக் கட்டிய மாதா கோயில் இருக்கிறது, கடைகளில் நிற்கிற யாரும் ஏறிப் பார்ப்பதில்லை, நீங்கள் ஏறுங்கள். யெரெவானுக்குத் திரும்பிய பிறகு பாறையைக் குடைந்த கெகார்த் மடாலயத்தையும் விடாதீர்கள். பிரதான கோயிலின் தெற்கு வாசலுக்கு மேலே மாதுளையும் திராட்சையும் செதுக்கியிருக்கும்.

நாளைக்குத் தாத்தேவ் மடாலயம். 5.7 கிலோமீட்டர் ரோப்கார், பள்ளத்தாக்குக்கு மேலே பன்னிரண்டு நிமிடம் போலத் தொங்கிக்கொண்டே போக வேண்டும். காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்களாம், அதனால் விடிந்ததும் கிளம்புகிறேன். உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் அந்த வீடியோவை விட்டுவிடலாம்.